அமிலாய்டு கட்டிகள் உயிருள்ள செல்லை என்ன செய்கின்றன? படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

அல்சைமர் நோயில் மூளையில் புரதக் கட்டி படிகிறது, நினைவு போகிறது. இரண்டாம் வகை சர்க்கரை நோயில் கணையத்தில் புரதக் கட்டி படிகிறது, இன்சுலின் குறைகிறது. இப்படி இழையாக அடுக்கிப் படியும் புரதக் கட்டிக்குத்தான் அமிலாய்டு என்று பெயர். பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. கட்டி படிவதற்கும் செல் சாவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது? கட்டி செல்லை எங்கே தொடுகிறது, தொட்டதும் எது கெடுகிறது, செல் பதிலுக்கு என்ன செய்கிறது? அந்த நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. பிளஸ் டூ உயிரியல் ஓரளவு நினைவில் இருந்தால் போதும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும் பெரிய கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தால் இந்த விஷயம் பிடிபடாது. கட்டி உருவாகும்போது, வளரும்போது, உடையும்போது, ஒரு சவ்வின் மேல் போய் உட்காரும்போதுதான் சேதத்தில் பெரும்பங்கு நடக்கிறது. ஆகவே ஒவ்வொரு படியிலும் 'இப்போது இந்தப் புரதம் எந்த அளவில் இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது' என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

படி 1: ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்

மனிதருக்கு நோய் தரும் அமிலாய்டு புரதங்கள் முப்பதுக்கும் மேல் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். அல்சைமரின் அமிலாய்டு பீட்டாவைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் கணையத்தில் உருவாகும் அமைலினில் தொடங்கச் சொல்வேன். அதைச் செய்யும் செல்லும் அதனால் அடிபடும் செல்லும் ஒன்றே என்பதால் கதை எளிதாகப் பின்தொடரக்கூடியது.

அமைலின் 37 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய ஹார்மோன். கணையத்தின் பீட்டா செல் இதை இன்சுலினோடு ஒரே சிறுபையில் வைத்து, ஒன்றாகவே வெளியேற்றுகிறது. ஏறக்குறைய நூறு இன்சுலினுக்கு ஒரு அமைலின் என்ற அளவில் வெளிவரும். வயிறு காலியாகும் வேகத்தைக் குறைப்பதும் சாப்பிட்டது போதும் என்ற உணர்வைத் தருவதும் இதன் வேலை. சர்க்கரை நோயாளிகளின் கணையத் திட்டுகளில் கண்ணாடி போன்ற ஒரு படிவு இருப்பதை யூஜீன் ஓப்பி 1901-லேயே விவரித்துவிட்டார். அந்தப் படிவு எந்தப் புரதத்தால் ஆனது என்பது தெரிய 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் இயற்கையே நமக்காக ஒரு சோதனை செய்து வைத்திருக்கிறது. எலியின் அமைலின் மனித அமைலினிலிருந்து ஆறே இடங்களில்தான் வேறுபடுகிறது. அந்த ஆறில் மூன்று இடங்களில், அதாவது 25, 28, 29-ஆம் இடங்களில், எலிக்கு புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. புரோலின் இருக்கும் இடத்தில் புரதச் சங்கிலி தட்டையாக நீண்டு அடுத்ததன் மேல் அடுக்க முடியாது. எனவே எலியின் கணையத்தில் அமிலாய்டு படிவதில்லை. மனித அமைலின் மரபணுவை எலிக்குள் வைத்தால் படிகிறது. பூனைக்கும் மக்காக் குரங்குக்கும் மனிதரைப் போலவே படியும், அவற்றுக்கு நம்மைப் போன்ற சர்க்கரை நோயும் வரும். மனித அமைலினில் அதே மூன்று இடங்களில் புரோலினைப் புகுத்திச் செய்த பிராம்லின்டைடு என்ற ஊசி மருந்து 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹார்மோனாக வேலை செய்யும், கட்டியாகாது.

படி 2: கட்டி எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள்

ஒற்றையாக மிதக்கும் புரதத்தை மோனோமர் என்கிறோம். சில, சில பத்து மோனோமர்கள் நிலையற்ற ஒரு திரளாகச் சேர்ந்தால் ஒலிகோமர். அது ஒழுங்காக அடுக்கி நீண்டு வளர்ந்தால் இழை. இழைகள் ஆயிரக்கணக்கில் பின்னிக் கிடப்பதுதான் நோயியல் ஆய்வகத்தில் காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றி, முனைவாக்கிய ஒளியில் ஆப்பிள் பச்சையாகப் பார்க்கும் கட்டி.

எந்தப் புரதத்திலிருந்து வந்தாலும் இழையின் அடிப்படைக் கட்டமைப்பு ஒன்றுதான். புரதச் சங்கிலிகள் இழையின் நீளத்துக்குக் குறுக்காகப் படுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக 0.47 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கிக்கொண்டே போகும். எக்ஸ் கதிர் சிதறலில் இந்த ஒழுங்கை 1968-ல் கண்டுபிடித்தார்கள். இழையின் அகலம் சுமார் 10 நானோமீட்டர். செல் சவ்வின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர் என்பதையும் இங்கேயே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். சவ்வைவிடத் தடித்த, வளைய மறுக்கும் ஒரு கம்பி அது. ஒலிகோமர் அப்படியில்லை, சிறியது, மேற்பரப்பில் நீரை வெறுக்கும் பகுதிகள் திறந்து கிடப்பது.

சோதனைக் குழாயில் தியோஃபிளேவின் டி என்ற சாயத்தைச் சேர்த்து வைத்தால் இழை வளர வளர ஒளிரும். அந்த வரைபடம் முதலில் நெடுநேரம் தட்டையாக இருக்கும், திடீரென்று ஏறும், பிறகு மறுபடி தட்டையாகும். தட்டையான தொடக்கத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. முதல் கரு உருவாவதுதான் கஷ்டம், அதற்குத்தான் அந்த நேரம். பாலில் உறைமோர் விடுவதுபோல, ஏற்கெனவே உருவான இழைத் துண்டைக் கொஞ்சம் போட்டால் காத்திருக்கும் நேரம் காணாமல் போய்விடும். அமிலாய்டு பீட்டா 42-ல் இன்னொன்றும் நடக்கிறது. வளர்ந்த இழையின் பக்கவாட்டுப் பரப்பே புதிய ஒலிகோமர்களை உருவாக்கும் தளமாகிவிடுகிறது. கேம்பிரிட்ஜ், லுண்ட் குழுக்கள் 2013-ல் இதை அளந்து காட்டின. இழை தீங்கற்றதா, ஒலிகோமர் தீங்கானதா என்ற பழைய வழக்கில் நான் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதற்கு இதுவே காரணம். இழை இருக்கும் வரை ஒலிகோமருக்குப் பஞ்சமில்லை.

சரி, அமைலின் ஏன் பீட்டா செல்லின் சிறுபைக்குள்ளேயே கட்டியாகிவிடுவதில்லை? அங்கேதான் அதன் செறிவு மிக அதிகம். ஆனால் அங்கே அமிலத்தன்மை கூடுதல், பி.எச். சுமார் 5.5; பக்கத்திலேயே இன்சுலின் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டும் அமைலினை அடுக்க விடாமல் தடுக்கின்றன. வெளியே வந்ததும் பி.எச். 7.4, இன்சுலின் கலைந்துபோகிறது. இன்சுலின் எதிர்ப்பு வந்தவர்களுக்கு பீட்டா செல் இரண்டையுமே அதிகமாகச் சுரக்க வேண்டியிருக்கிறது. ஆபத்து அங்கே கூடுகிறது.

படி 3: சவ்வு, முதல் மோதல்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். அமிலாய்டுக்கும் செல்லுக்கும் உள்ள உறவில் பாதி இங்கேதான் முடிவாகிறது.

சவ்வு வெறும் இலக்கு மட்டும் இல்லை, கட்டி உருவாக உதவும் தளமும்கூட. அமைலினின் முன்பாதியில் நேர் மின்னேற்றம் உண்டு. சவ்வில் எதிர் மின்னேற்றக் கொழுப்புகள் இருந்தால் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். முப்பரிமாண வெளியில் அலைந்துகொண்டிருந்த மூலக்கூறுகள் ஒரு தட்டையான பரப்பில் நெருக்கமாகச் சேர்ந்தால் கரு உருவாகும் வாய்ப்பு பலமடங்கு கூடுகிறது. நரம்பு செல்லின் சவ்வில் உள்ள ஜி.எம்.1 என்ற கொழுப்பு அமிலாய்டு பீட்டாவுக்கு இதே உதவியைச் செய்கிறது.

ஒட்டிய பிறகு சவ்வு எப்படிக் கெடுகிறது என்பதற்கு மூன்று விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது துளை. ஒலிகோமர்கள் வட்டமாக நின்று சவ்வின் குறுக்கே ஒரு வழியைத் திறக்கின்றன என்பது இதன் சாரம். அரிஸ்பே, ரோஹாஸ், பொல்லார்ட் மூவரும் 1993-ல் செயற்கைச் சவ்வில் அமிலாய்டு பீட்டாவைச் சேர்த்து, அது கால்சியம் பாயும் வழிகளை உண்டாக்குவதை மின்சார அளவீட்டில் காட்டினார்கள். செல்லுக்குள் தனித்துத் திரியும் கால்சியம் வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தச் சரிவில் ஒரு சிறிய ஓட்டை விழுந்தாலும் உள்ளே கால்சியம் கொட்டும். நரம்பிணைப்பின் சமிக்ஞை குழம்பும், மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை விழுங்கித் திணறும், புரதங்களை வெட்டும் என்சைம்கள் விழித்துக்கொள்ளும்.

இரண்டாவது, சவ்வின் ஒரு பக்கத்தில் புரதம் பாயாக விரிந்து கொழுப்பு அடுக்கை நெருக்கித் தளர்த்துவது. தெளிவான துளை எதுவும் இல்லாமலே சவ்வு கசியும்.

மூன்றாவதுதான் அமைலினுக்கு மிகவும் பொருந்துவதாக எனக்குப் படுகிறது. இழை சவ்வின் மேலேயே வளர்கிறது. வளரும்போது கொழுப்பு மூலக்கூறுகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழு 2008-ல் செய்த சோதனை எளிமையானது, அழகானது. கால்சீன் என்ற ஒளிரும் சாயம் நிரப்பிய நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் மனித அமைலினைச் சேர்த்தார்கள். இழை வளர்ச்சியின் வரைபடமும் சாயம் கசியும் வரைபடமும் ஒரே வடிவம், ஒரே தாமதம். முன்பே செய்த இழைத் துண்டுகளைச் சேர்த்தபோது இரண்டு தாமதங்களும் சேர்ந்தே குறைந்தன. அதாவது ஏதோ ஒரு முடிந்த பொருள் வந்து சவ்வைத் துளைக்கவில்லை, வளரும் செயலே சவ்வைக் கிழித்தது.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கு இன்னொரு பக்கம் கிடைத்தது. சிறுநீரகம் செயலிழந்து நெடுங்காலம் டயாலிசிஸில் இருப்பவர்களின் மூட்டுகளில் பீட்டா 2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் அமிலாய்டாகப் படியும். அதன் நீண்ட இழைகளைத் துண்டு துண்டாக உடைத்தபோது, அதே எடையுள்ள புரதம் சவ்வை அதிகமாகச் சேதப்படுத்தியது என்று 2009-ல் காட்டினார்கள். உடைத்தால் நுனிகளின் எண்ணிக்கை கூடும். 2012-ல் அதே ஆய்வகமும் லண்டன் பிர்க்பெக் கல்லூரியும் சேர்ந்து வெளியிட்ட உறைநிலை எலக்ட்ரான் டோமோகிராஃபி படங்களில், இழை தொட்ட இடத்தில் வட்டமான கொழுப்புக் குமிழ் கூர்மையாக இழுபட்டுக் கிடந்தது. சவ்வின் துணுக்குகள் பிய்ந்து இழையின் மேல் ஒட்டியிருந்தன. இந்தத் துறையில் யாராவது ஒரு படம் மட்டும் பார்க்க விரும்பினால் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இந்த மூன்றில் எது சரி என்று மாணவர்கள் கேட்பார்கள். மூன்றும் வெவ்வேறு சூழலில் நடக்கலாம். பாடக்குறிப்புகளிலும் காணொளிகளிலும் வரும் வட்டத் துளைக்குத் தகுதிக்கு மீறிய இடம் கிடைத்துவிட்டது என்பது என் எண்ணம்; வரைவதற்கு வசதியாக இருப்பதுதான் அதன் பலம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. செயற்கைக் குமிழ்களில் எதிர் மின்னேற்றக் கொழுப்பைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். நலமாக உள்ள செல்லின் வெளிப்பக்கத்தில் அது மிகக் குறைவு, பெரும்பாலும் உள்பக்க அடுக்கில்தான் இருக்கும். குமிழில் கண்டதை அப்படியே செல்லுக்குப் பொருத்திவிடக் கூடாது.

சவ்வோடு நடக்கும் இந்த மோதல் நோய்ப் புரதங்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. ஃபிளாரன்ஸ், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2002-ல், எந்த நோயோடும் தொடர்பில்லாத இரண்டு புரதங்களைத் திரளச் செய்து செல்களின் மேல் ஊற்றினார்கள். ஒன்று ஈ. கோலை பாக்டீரியாவின் புரதப் பகுதி. ஆரம்பநிலைத் திரள்கள் செல்களைக் கொன்றன. முழு இழைகள் அவ்வளவாகப் பாதிக்கவில்லை. தவறு புரதத்தின் பெயரில் இல்லை, அது எடுக்கும் வடிவத்தில் இருக்கிறது என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

படி 4: ஏற்பிகளைக் கணக்கில் எடுங்கள்

சவ்வைக் கிழிக்காமலே செல்லைக் கெடுக்கவும் வழி உண்டு. செல்லின் வெளிப்பரப்பில் உள்ள ஏற்பிப் புரதங்களோடு ஒலிகோமர் ஒட்டிக்கொண்டு, தப்பான சமிக்ஞையை உள்ளே அனுப்பும். அமிலாய்டு பீட்டாவுக்குப் பல ஏற்பிகளைச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் பெரிய சலசலப்பை உண்டாக்கியது, ஒலிகோமர்கள் இயல்பான பிரியான் புரதத்தோடு ஒட்டி நரம்பிணைப்பைக் குலைக்கின்றன என்று யேல் பல்கலைக்கழகம் 2009-ல் வெளியிட்ட முடிவு. ஒட்டுவதை மற்றவர்களும் கண்டார்கள். ஆனால் பிரியான் புரதம் இல்லாத எலிகளிலும் பாதிப்பு வருகிறது என்று வேறு குழுக்கள் சொன்னதால் வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. 'இதுதான் ஏற்பி' என்று ஒற்றைப் பெயர் சொல்லும் கட்டுரையைச் சற்றுத் தள்ளி வைத்துப் படியுங்கள்.

படி 5: உள்ளே போகும் வழி

வெளியே உள்ள இழைத் துண்டு செல்லுக்குள் போவது பெரும்பாலும் செல்லே விழுங்குவதால்தான். டாவ் (அல்சைமரில் நரம்பு செல்லுக்குள் திரளும் புரதம்), ஆல்ஃபா சைனூக்ளின் (பார்க்கின்சனில் திரளும் புரதம்) போன்றவற்றின் துண்டுகள் முதலில் செல்லின் மேலுள்ள ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளில் சிக்குகின்றன. சவ்வு உள்நோக்கி மடிந்து அவற்றை ஒரு பைக்குள் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பை லைசோசோம் என்ற செரிமான அறையை நோக்கிப் போகும். சாதாரணப் புரதமாக இருந்தால் அங்கே அமினோ அமிலமாக அரைந்துவிடும். அமிலாய்டு இழை அரைய மறுக்கிறது. அங்குள்ள அமிலச் சூழல் சில புரதங்களை மேலும் திரளவே தூண்டுகிறது.

அப்புறம் பை ஓட்டையாகிறது. ஓட்டையான பையின் உள்பக்கச் சர்க்கரைகள் வெளிப்படும்போது கேலக்டின் 3 என்ற புரதம் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒளிரும் புரதத்தைக் கோத்து வைத்தால், மங்கலாகப் பரவியிருக்கும் ஒளி நடுநடுவே பளிச்சென்ற புள்ளிகளாக மாறுவதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளியும் கிழிந்த ஒரு பை. அதன் வழியே தப்பிய துண்டு செல்லின் சைட்டோசோலுக்கு வந்து, அங்கே நல்ல நிலையில் மிதக்கும் அதே வகைப் புரதங்களைத் தன் நுனியில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கும். பைக்குள் அடைபட்டிருந்த வரை அந்தத் துண்டால் செல்லின் சொந்தப் புரதத்தைத் தொட முடியாது.

படி 6: உள்ளே இருக்கும் கட்டி எதைத் தொடுகிறது?

ஜெர்மனியில் மியூனிக் அருகே மார்ட்டின்ஸ்ரீடில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனம் இந்தக் கேள்விக்கு விடை தேடிய விதம் தனி. செல்லை நொடியில் உறையவைத்து, அயனிக் கற்றையால் மெல்லிய சீவலாக்கி, உள்ளே இருப்பதை முப்பரிமாணத்தில் படமெடுத்தார்கள். சாயம் இல்லை, சாறு பிழிவது இல்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே பார்ப்பது.

2017-ல் ஹண்டிங்டன் நோய்ப் புரதத்தைப் பார்த்தார்கள். கட்டியின் விளிம்பிலிருந்து இழைகள் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் உள்ள எண்டோபிளாச வலையின் சவ்வில் முட்டி அதை நெளித்திருந்தன. அடுத்த ஆண்டு, தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் ஏ.எல்.எஸ். நோயின் ஒரு மரபுவழி வகையில் வரும் பாலி ஜி.ஏ. என்ற புரதத்தைப் பார்த்தபோது காட்சி முற்றிலும் வேறு. தட்டையான முறுக்கு நாடாக்கள்; அவற்றின் இடையிடையே புரோட்டியாசோம்கள் கூட்டமாகச் சிக்கிக் கிடந்தன. கெட்ட புரதங்களை அரைக்கும் இயந்திரங்கள் அவை. பல வேலை நடுவிலேயே நின்றுபோன நிலையில் இருந்தன. கட்டி அவற்றைக் கொல்லவில்லை, பிடித்து வைத்துக்கொண்டது. செல்லின் மற்ற பகுதிக்கு அவை இல்லாமல் போய்விட்டன. இரண்டுமே கட்டிகள்தான், இரண்டும் செல்லை வெவ்வேறு இடத்தில் தொடுகின்றன.

பார்க்கின்சன் நோயில் நரம்பு செல்லுக்குள் சேரும் லூயி திரள்களை 2019-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விரிவாகப் பார்த்தபோது, பலவற்றில் இழைகளைவிட உடைந்த சவ்வுகளும் சிதைந்த மைட்டோகாண்ட்ரியாவும் லைசோசோம்களும்தான் குவிந்திருந்தன. வெறும் புரதக் கட்டி என்று நூறாண்டாக வரைந்து வந்த படத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

படி 7: செல் சும்மா இருப்பதில்லை

ஹெச்.எஸ்.பி. 70 என்ற காவல் புரதமும் அதன் கூட்டாளிகளும் ஆல்ஃபா சைனூக்ளின் இழையைப் பிடித்து இழுத்து மோனோமராகப் பிரிக்க வல்லவை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரிக்கும் வேலை பாதியில் நின்றால் நீண்ட இழை பல குட்டித் துண்டுகளாகிவிடும். டாவ் புரதத்தில் அப்படிப்பட்ட துண்டுகள் புதிய திரளை விதைக்கக் கூடியவை என்று 2020-ல் கண்டார்கள். படி 3-ல் பார்த்த லீட்ஸ் சோதனையோடு சேர்த்துப் பார்த்தால் உடைப்பது எப்போதும் நன்மை என்று சொல்ல முடியாது என்பது புரியும்.

அடுத்தது தன்விழுங்கல், அதாவது செல் தன் சொந்தக் கழிவைப் பைக்குள் சுற்றி லைசோசோமுக்கு அனுப்பிச் செரிப்பது. மனித அமைலின் உள்ள எலிகளில் பீட்டா செல்லின் தன்விழுங்கல் இயந்திரத்தை நிறுத்தியபோது நச்சுத் திரள்கள் சேர்ந்து, செல்கள் செத்து, சர்க்கரை நோய் வந்தது. 2014-ல் மூன்று குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின. வயதாக வயதாக இந்தத் துப்புரவு மந்தமாவது, அமிலாய்டு நோய்கள் முதுமையில் தலைகாட்டுவதற்கு ஒரு காரணம்.

படி 8: அக்கம்பக்கத்துச் செல்கள்

கட்டியைத் தின்ன வரும் செல்கள் தனிக் கதை. மேக்ரோஃபேஜ் அமைலின் ஒலிகோமர்களை விழுங்கும்போது, உள்ளே என்.எல்.ஆர்.பி. 3 என்ற எச்சரிக்கை அமைப்பு இயங்கி, இன்டர்லூக்கின் 1 பீட்டா என்ற அழற்சித் தூது வெளிவரும். பீட்டா செல்லுக்கு அது நேரடியாகக் கெடுதல். மூளையில் மைக்ரோக்ளியா என்ற துப்புரவு செல்களுக்கும் அமிலாய்டு பீட்டாவுக்கும் நடுவில் இதே அமைப்பு வேலை செய்கிறது.

அதே மைக்ரோக்ளியா நல்லதும் செய்கிறது. டிரெம் 2 என்ற ஏற்பி சரியாக இருந்தால் அவை கட்டியைச் சுற்றி நெருக்கமாக அணைத்து அதை இறுக்கிவிடும். அந்த ஏற்பி இல்லாத எலிகளில் கட்டிகள் பிரிபிரியாக விரிந்திருந்தன, பக்கத்து நரம்பிழைகள் அதிகம் வீங்கியிருந்தன. இறுகிய கட்டி சேதத்தின் அறிகுறி மட்டும் இல்லை, சேதத்தை அடக்கி வைக்கும் முயற்சியும்தான்.

பரவலுக்கு வருவோம். பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்கு மூளையில் கருவின் நரம்பு செல்களை வைத்து ஒட்டியிருந்தார்கள். பத்தாண்டுக்கும் மேல் கழித்து அவர்கள் இறந்த பின் பார்த்தபோது, இளமையான அந்த ஒட்டுச் செல்களுக்குள்ளும் லூயி திரள்கள் இருந்தன. 2008-ல் வெளியான இந்தச் செய்தி பலரை உலுக்கியது. 2012-ல், ஆல்ஃபா சைனூக்ளின் இழைத் துண்டுகளை மரபணு மாற்றம் ஏதுமில்லாத எலியின் மூளையில் ஒரே ஒரு முறை செலுத்தியதே திரள் பரவப் போதுமானதாக இருந்தது. இதைக் கேட்டு அல்சைமரும் பார்க்கின்சனும் தொற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். நோயாளியைத் தொடுவதாலோ கூட இருப்பதாலோ இவை வருவதில்லை.

இடையில் ஒரு நல்ல அமிலாய்டு

நம் தோலுக்கும் தலைமுடிக்கும் நிறம் தரும் மெலனின், மெலனோசோம் என்ற பைக்குள் பி.மெல் 17 என்ற புரதத்தின் அமிலாய்டு இழைகள் மேல்தான் படிகிறது. அதே குறுக்கடுக்குக் கட்டமைப்புதான், ஆனால் செல் சாவதில்லை. சவ்வால் மூடிய அறைக்குள், தேவையான நேரத்தில், வேகமாக இழையாகிவிடுவதால் ஒலிகோமராக அலையும் காலம் மிகக் குறைவு. அமிலாய்டு என்றாலே விஷம் என்று சொல்பவர்களிடம் கண்ணாடியில் முகத்தைப் பார்க்கச் சொல்லலாம்.

படி 9: ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது?

செல்லோடு அமிலாய்டைச் சேர்த்த சோதனை எதைப் படித்தாலும் முதலில் செறிவைப் பாருங்கள். மூளைத் தண்டுவட நீரில் அமிலாய்டு பீட்டா நானோமோலர் அளவிலும் அதற்குக் கீழும்தான் இருக்கிறது. சோதனைகளில் அதன் ஆயிரம் மடங்குக்கும் மேலான மைக்ரோமோலர் அளவு சகஜம். அது தவறு என்று சொல்லவில்லை. சவ்வுக்கு அருகில் உள்ளூர்ச் செறிவு கூடலாம். ஆனால் அந்த இடைவெளியைப் பற்றி ஆசிரியர்கள் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து, சேர்த்தது மோனோமரா, ஒலிகோமரா, இழையா, அதை எப்படி உறுதிசெய்தார்கள் என்று தேடுங்கள். காலையில் மோனோமராகக் கிண்ணத்தில் ஊற்றியது மாலையில் இழையாகியிருக்கலாம். ஆல்ஃபா சைனூக்ளின் என்றால் இழையை ஒலி அலையால் உடைத்தார்களா, துண்டின் நீளம் என்ன என்பதும் முக்கியம். உடைக்காத நீண்ட இழைகள் செல்லுக்குள் அவ்வளவாக விதைப்பதில்லை.

செல் செத்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? எம்.டி.டி. சோதனை மலிவானது, எல்லா ஆய்வகத்திலும் உண்டு. மஞ்சள் கரைசல் ஊதா நிறப் படிகமாக மாறும், ஊதா குறைந்தால் உயிர் குறைந்தது என்று கணக்கு. ஆனால் அமிலாய்டு, செல் அந்தப் படிகத்தை வெளியே தள்ளும் வேகத்தையே கூட்டிவிடுகிறது என்று 1997-லேயே காட்டியிருக்கிறார்கள். செல் உயிரோடு இருக்கும்போதே அளவு குறைந்து தெரியும். எல்.டி.ஹெச். கசிவு (செல் கிழிந்தால் வெளியே வரும் ஒரு என்சைமின் அளவு) போன்ற வேறொரு அளவீடும் கூட இல்லையென்றால் அந்த வரைபடத்தை நான் நம்புவதில்லை.

மைக்ரோக்ளியா அழற்சிச் சோதனை என்றால் எண்டோடாக்சினைச் சோதித்தார்களா என்று பாருங்கள். புரதத்தை பாக்டீரியாவில் தயாரித்தால் அதன் சவ்வுக் கழிவும் கூடவே வரும். அழற்சிக்கு அதுவே போதும். எலியின் அமைலினைப் போல, திரளாத ஓர் ஒப்பீட்டுப் புரதம் சோதனையில் இருந்தால் மதிப்பெண் கூடுதலாகப் போடலாம்.

ஒற்றைத் திரளின் பெயரை வைத்துக் கட்டிய கதைகளிலும் கவனம் தேவை. நினைவிழப்புக்குக் காரணமான ஒலிகோமர் என்று 2006-ல் நேச்சர் இதழில் புகழோடு வந்த கட்டுரை, படங்களில் செய்த மாற்றங்களால் 2024-ல் திரும்பப் பெறப்பட்டது. அதனால் ஒலிகோமர் ஆய்வு முழுவதும் பொய் என்று சமூக ஊடகங்களில் எழுதினார்கள், அது அபத்தம். மேலே சொன்ன சோதனைகள் எதுவும் அந்தக் கட்டுரையைத் தாங்கி நிற்கவில்லை.

படி 10: மருந்துகள் எந்தப் படியில் தடுக்கின்றன?

ஒரு மருந்தின் செய்தி வந்தால், அது இந்த வரிசையில் எங்கே கை வைக்கிறது என்று பாருங்கள். எதிர்பார்க்கக் கூடிய பலனும் பக்கவிளைவும் ஓரளவு அதிலேயே தெரிந்துவிடும்.

டஃபாமிடிஸ் மிக ஆரம்பத்தில் தடுக்கிறது. டிரான்ஸ்தைரெட்டின் என்ற இரத்தப் புரதம் நான்கு துண்டுகள் சேர்ந்தது. துண்டுகள் பிரிந்தால்தான் அமிலாய்டாகி இதயத் தசைக்கு இடையில் படியும். இந்த நோயில் படிவின் கனமே பிரச்சினை. இதயச் சுவர் விறைத்து, விரிந்து நிரம்ப முடியாமல் போகிறது. மருந்து அந்த நான்கு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. ஏற்கெனவே படிந்ததை அது கரைப்பதில்லை, அதனால் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

லெகானெமாப் நடுவில் கை வைக்கிறது. ஒலிகோமருக்கும் முழு இழைக்கும் இடைப்பட்ட புரோட்டோஃபைப்ரில்களை விரும்பிப் பிடிக்கும் எதிர்ப்புரதம் அது, கட்டிகளையும் குறைக்கிறது. ஆரம்பநிலை அல்சைமர் உள்ள 1,795 பேரில் 18 மாதம் நடந்த சோதனையில், மருந்து பெற்றவர்களின் சரிவு மற்றவர்களைவிட 27 சதவீதம் மெதுவாக இருந்தது. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. சரிவு நிற்கவில்லை, மெதுவானது. அந்த நேரத்துக்குள் டாவ் திரள்கள் செல்களுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும், வெளியே உள்ளதைத் துடைக்கும் மருந்துக்கு அவை எட்டாது. அமிலாய்டு மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் படிந்திருக்கும் என்பதால், அங்கிருந்து அதை அகற்றும்போது சுவர் தளர்ந்து மூளையில் நீர் கோப்பதும் சிறு இரத்தக்கசிவும் சிலருக்கு வருகின்றன. ஏ.பி.ஓ.ஈ. 4 மரபணுவின் இரண்டு பிரதிகளும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் ஊசி போடத் தொடங்கும் முன் மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள், முதல் சில மாதங்களில் குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள்.